ரிட்டர்ன் விசைக்காக ஒரு பிபிசி மைக்ரோவைப் பிரித்தேன்: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா?

ராயபுரம்வாசி:
பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன, அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. என்னிடம் இருப்பது பிபிசி மைக்ரோ மாடல் பி, எண்பதுகளின் பிரிட்டிஷ் கணினி. 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த அதே ரகம். அத்தை வேலை பார்த்த பள்ளி கழித்துக்கட்டியபோது ஏலத்தில் எடுத்தோம். ரிட்டர்ன் விசை மட்டும் இல்லை. அடியிலிருந்த சுவிட்சும் சேர்ந்தே பெயர்ந்து போயிருந்தது.

வியாசர்பாடியில் ஒரு காயலான் கடையில், பழைய மின்விசிறிகளுக்கு அடியில் அதே மாதிரி ஒன்று கிடந்தது. பெட்டியோடு எடுத்தால் முந்நூறு, விசை மட்டும் என்றால் ஐம்பது என்றார் கடைக்காரர். அவ்வளவு பெரிய பெட்டியை பஸ்ஸில் எப்படித் தூக்கிச் செல்வது என்று எண்ணி ஐம்பதைக் கொடுத்தேன். பக்கத்துக் கடை டிவி மெக்கானிக் ஈயத்தை உருக்கி சுவிட்சைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்த பிறகு, "உயிர் இருக்கிறதா பார்ப்போமே தம்பி" என்று அவராகவே மின்சாரம் கொடுத்தார்.

தாழ்ந்த குரலில் ஒரு 'பூ'. உடனே உச்சத்தில் ஒரு 'பீப்'.

பிபிசி வைத்திருப்பவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை: மெஷின் உயிரோடு எழும் சத்தம். அதன் விசை என் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது. அப்போதும் ஐம்பது ரூபாய்ப் பொருளோடு பஸ் ஏறினேன். அடுத்த ஞாயிறு முந்நூறு ரூபாயோடு போனபோது, பலகையை உடைத்து ஐசிகளைப் பிடுங்கி விற்றுவிட்டிருந்தார்கள். மஞ்சளேறிய மேலுறை மட்டும் வாசலில் கிடந்தது.

கொருக்குப்பேட்டை:
வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அந்த விசை உங்களுக்குத் தேவையே இல்லை. கண்ட்ரோலையும் எம்-ஐயும் சேர்த்து அழுத்தினால் ரிட்டர்ன்தான். இரண்டும் அனுப்புவது 13 என்ற ஒரே குறியெண். எங்கள் வீட்டு மெஷினிலும் ரிட்டர்ன் வேலை செய்யவில்லை. என் தங்கை ஓர் ஆண்டு முழுக்க அப்படித்தான் பேசிக் என்ற கணினி மொழியில் நிரல் எழுதினாள். விசையைச் சரிசெய்த பிறகும் அவள் விரல்கள் பழைய இடத்துக்கே போயின. ஓடுகிற ஒன்றைப் பிரித்து இன்னொன்றை முழுமையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காசிமேடு:
கொருக்குப்பேட்டைக்காரர் அவரை இவ்வளவு நெருக்க வேண்டாம். பிரிக்கும்போது அது ஓடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த 'பீப்'பை வைத்து முழுதும் நலம் என்றும் சொல்லிவிட முடியாது. என்னுடையதும் அழகாகப் 'பீப்' என்றது. பத்தாவது நிமிடம் பவர் சப்ளையிலிருந்து வெண்புகை. சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்து மெயினை அணைத்தார். வீடு முழுக்க அந்த நாற்றம் இரண்டு நாள் இருந்தது.

இதைப் படிப்பவர்கள் யாராக இருந்தாலும், பழைய பிபிசியை நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள். பவர் சப்ளைக்குள் மின்வரவை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. உள்ளே இருப்பது காகிதம், மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் உறை. ஆண்டுகள் போனால் உறையில் மயிரிழை போல விரிசல் விழும். அதன் வழியே ஈரம் உள்ளே போகும். கடற்காற்று அடிக்கும் எங்கள் பக்கம் கேட்கவே வேண்டாம். மாற்ற வேண்டியவை இரண்டு: 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று. இரண்டுமே எக்ஸ்2 வகையாக, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். கடைக்காரர் "இதுவும் அதேதான் சார்" என்று சாதாரண பாலியெஸ்டரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மின்வரவுக்குக் குறுக்கே எந்நேரமும் நிற்பதற்கென்றே செய்தது எக்ஸ்2. சாதாரணமானது அந்த இடத்தில் தீப்பிடிக்கலாம். பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெகுநேரம் காத்திருங்கள். உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மண்ணடி:
என்னுடையது பிபிசி அல்ல, அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான 48கே ஸ்பெக்ட்ரம். கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது. அடாப்டர் தொலைந்துவிட்டது. 9 வோல்ட் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பர்மா பஜாரில் ஒன்று வாங்கினேன். முனை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதே வினையாயிற்று. ஸ்பெக்ட்ரமுக்கு நடுமுனை நெகடிவ். பஜாரில் வாங்கியதில் நடுமுனை பாசிட்டிவ். செருகியவுடன் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். மாமா பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரை நிலையம் பக்கமாக நடந்து போய்விட்டார். ராயபுரத்தாரே, நீங்கள் பிரித்தது யாரோ தூக்கி எறிந்ததை.

ராயபுரம்வாசி:
யாரோ எறிந்ததுதான், ஆனால் அது ஓடியது. கண்ட்ரோல்-எம் எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது. நேற்றிரவு மெஷினை எடுத்துவைத்து, அந்த ரிட்டர்ன் விசையைத் தொடாமல், இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி நின்றது.