புதுப்பிப்பு: எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது

எங்கள் சுய உதவிக் குழுவில் 14 பேர் இருந்தும் கூட்டத்துக்கு ஆறேழு பேர்தான் வருகிறார்கள், மற்றவர்கள் சேமிப்புப் பணத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள் என்று போன மாதம் வருத்தப்பட்டு எழுதியிருந்தேன்.

நேரத்தை மாற்றிப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு முதல் நன்றி. மதியம் மூன்று மணிக் கூட்டத்தை இரவு ஏழரைக்கு வைத்தோம். களையெடுக்கப் போகிறவர்களும் வந்துவிட்டார்கள். நேற்று 13 பேர், ஒருத்திக்குக் காய்ச்சல்.

அப்புறம், தீர்மானப் புத்தகத்தை, குழுவை நடத்தும் ஊக்குநர் மட்டும் எழுதி மூடிவைக்கும் பழக்கத்தை விட்டோம். குழுச் சேமிப்பிலிருந்து யாருக்கு எவ்வளவு உள்கடன், எத்தனை தவணை பாக்கி என்று வாரம் ஒருவர் எல்லோர் முன்னும் உரக்கப் படிக்கிறோம். முதல் வாரமே, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பெரியம்மா ஒருவர், “மூணாந் தவணையும் கட்டிட்டேனே கண்ணு” என்றார். தேடிப் பார்த்தால் உண்மைதான், பதியாமல் விட்டிருக்கிறோம். இத்தனை நாளும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயே திருத்தி எழுதினோம்.

1989இல் தருமபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கியதே, இப்படிப்பட்ட பெண்கள் கையில் சொந்தச் சேமிப்பு இருக்கத்தானே?

வங்கிக் கடன் பேச்சை இன்னும் எடுக்கவில்லை. முதலில் பழைய கணக்கு முழுவதையும் சரிபார்த்து முடிக்கிறோம்.