வீட்டு முன்னால் விஷமூங்கில்: களிமண்ணில் எப்படி வைப்பது?

தோட்டக்காரி, தஞ்சோங் பூங்கா:
வணக்கம். வாசல் பக்கம் 6 அடிக்கு 4 அடி இடம் இருக்கு. மதியம் வரை வெயில், அப்புறம் நிழல். ராத்திரி மணக்கிற பூ வேணும், ஆனா வெளிநாட்டுச் செடி வேண்டாம். கடலோரத்தில் தானா வளருதே விஷமூங்கில், மலாய்க்காரங்க பாக்குங்னு சொல்றது (பேர்தான் மூங்கில், லில்லி மாதிரி பூக்கிற கிழங்குச் செடி), அதை வைக்கலாம்னு எண்ணம். மண் களி, மழை பெய்தா தண்ணி நிக்குது. விதை நல்லதா, கிழங்கு நல்லதா? புழு வந்தா செடியே போயிடும்கிறாங்களே, உண்மையா?

மண்வெட்டி, பட்டர்வொர்த்:
வெயில் போதும். தண்ணி நிக்கிறதுதான் பிரச்சினை. கழுத்து வரை புதைச்ச கிழங்கைச் சுற்றி நீர் தேங்கினா குருத்து அழுகிடும், இழுத்தா கையோட வந்துடும். 20 செ.மீ. மேடு கட்டுங்க: தோட்ட மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியணும்.

அந்த இடத்துக்கு ஒரே செடி வைங்க. இலையே ஒரு மீட்டர் நீளம் போகும். பக்கக் கன்று வந்து மீதி இடத்தை அதுவே நிரப்பிடும்.

பச்சை இலை, செத்தாப்பாக்:
நர்சரியில் பூவைப் பார்த்து வாங்குங்க அக்கா. அமெரிக்கச் சிலந்தி லில்லியையும் பாக்குங்னே விக்கிறாங்க. அதில் மகரந்தத் தாள்களின் அடிப்பகுதியை ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு கிண்ணமா இணைச்சிருக்கும். விஷமூங்கிலில் அந்தக் கிண்ணமே கிடையாது. ஆறு ஒடுங்கின இதழ் பின்னால வளைஞ்சிருக்கும், தாள்கள் செவ்வூதா நிறத்தில் தனித்தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். பூக்குழாய் நீளம்; நீள உறிஞ்சுகுழல் உள்ள பருந்து அந்துப்பூச்சிக்கு ஏத்த அமைப்பு. அதனாலதான் பொழுது சாயும்போது விரிஞ்சு இருட்டில் மணக்குது.

விதையும் வைக்கலாம், ஆனா காய விடாதீங்க, சேமிக்க முடியாது. ஈர மணல் மேல பாதி அமுக்கி வச்சாலே முளைக்கும். பூக்க மூணு வருஷத்துக்கு மேல ஆகலாம். பெரிய பக்கக் கன்று சீக்கிரம் பூக்கும். கடற்கரையில் மட்டும் தோண்டாதீங்க, அந்தச் செடி அங்கேயே இருக்கட்டும்.

மண்வெட்டி:
புழு உண்மைதான். கறுப்பு உடம்பில் வெளிர் பட்டை இருக்கும். முட்டை இலையில் கூட்டமா இருக்கும். பொரிஞ்ச குஞ்சுகள் இலையின் இரண்டு தோலுக்கு நடுவே புகுந்து தின்னும். இலையில் கண்ணாடிக் காகிதம் போல ஒரு திட்டு தெரிஞ்சா உள்ளே புழு இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கே அந்த இலையை வெட்டி, பையில் கட்டிப் போட்டுடுங்க. விட்டா இலையடி வழியா கிழங்குக்குள்ள இறங்கிடும்.

பி.டி. (Bt) மருந்து, அதாவது பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கிற பாக்டீரியாவில் செஞ்ச புழுக்கொல்லி, புழு அதைத் தின்னாத்தான் வேலை செய்யும். உள்ளே போன புழுவுக்கு மேலே அடிச்சுப் பலன் இல்லை. முட்டை கண்டதுமே சாயங்காலத்தில் அடிங்க, ஏன்னா வெயிலில் வீரியம் போயிடும். இலை மெழுகுப் பூச்சு உள்ளது, அதனால பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு கலக்கணும். மழை பெய்தா திரும்ப அடிக்கணும். கிழங்கில் இறங்கியிருந்தா, வெள்ளைச் சதை தெரியும் வரை மேலிருந்து கிடையா வெட்டிப் புழுவை எடுங்க. அடி கெட்டியா இருந்தா மறுபடி துளிர்க்கும்.

தோட்டக்காரி:
நன்றி ரெண்டு பேருக்கும். வீட்டில் நாய்க்குட்டி இருக்கு, மண்ணைத் தோண்டும்.

பச்சை இலை:
அப்போ வாசலில் வேண்டாம் அக்கா, வேலிக்கு வெளியே வைங்க. செடி முழுக்க நஞ்சு, கிழங்கில்தான் அதிகம்; தின்னா வாந்தி, பேதி வரும். வெட்டும்போது கையுறை போடுங்க, சாறு பட்டா தோல் அரிக்கும். வெட்டின கிழங்குத் துண்டைக் குட்டிக்கு எட்டும்படி விட்டுடாதீங்க.