உணருகிற மின்தோல்: நம்மட ஆட்களுக்கு இப்ப தேவையா?

படுவான்கரையான்:
ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில ஷெனான் பாவோட குழு 2023இல் செய்த மின்தோலைப் பற்றி வாசிச்சன். தோல் மாதிரி மெல்லிசா வளையிற, தொடுறதை உணருற மின்னணுப் பொருள் அது. 5 வோல்ட்டில வேலை செய்யுது. தொடுற அழுத்தத்தை நரம்பு அனுப்புற மாதிரித் துடிப்பாக்கி எலியின் மூளைக்குக் கொடுக்க, எலி காலை அசைச்சிருக்கு. மிதிவெடியில கால் போன ஆட்கள் நம்மட மட்டக்களப்பு வாகரைப் பக்கம் இருக்காங்க. இது அவங்களுக்கும் வரணும் எண்டு இப்பவே கேட்கத் தொடங்கணும்.

சம்மாந்துறை நானா:
தம்பி, நான் செயற்கைக் கால் செய்யிறவன். "உணர்ச்சி இல்ல" எண்டு ஒருத்தரும் என்னட்ட வாறதில்ல. "சொக்கட் கடிக்குது, புண் வந்திட்டு" எண்டுதான் வாறாங்க. சொக்கட் எண்டா வெட்டின கால் உள்ளுக்க போற கிண்ணம். வெட்டின கால் போகப் போக மெலியும், சொக்கட் தளரும், வெயில் காலத்தில உள்ளுக்க வியர்வை தேங்கும். சின்னப் புள்ளைக்கு வளர வளரப் புதுக் கால் வேணும். இந்தியாவில 1968இல் வந்த ரப்பர் செயற்கைக் கால், ஜெய்ப்பூர் கால், இன்னும் ஏன் நிண்டு பிடிக்குது? வெறுங்காலோட சேத்தில இறங்கலாம், குந்தலாம், பற்றரி வேணாம். மின்தோல் நம்மட வயலில ஒரு போகம் தாங்குமா?

நிஸா அக்கரைப்பற்று:
நானா, உணர்ச்சியை ஆடம்பரம் எண்டு தள்ளாதீங்க. இல்லாத காலில நோவு வந்து ராவெல்லாம் முழிச்சிருக்கிறவங்களை நான் வார்டில பார்க்கிறன். 2019இல் நேச்சர் மெடிசின் இதழில வந்த ஆய்வில, முழங்காலுக்கு மேல இழந்த ரெண்டு பேருக்கு செயற்கைப் பாதத்தில உணரியும் தொடைக்குள்ள மிஞ்சின நரம்பில மின்முனையும் வச்சாங்க. நடை வேகம் கூடிச்சு, களைப்புக் குறைஞ்சுது, அந்த நோவும் குறைஞ்சுது.

சம்மாந்துறை நானா:
ரெண்டே பேர். ஒப்பரேஷன் செய்து வச்ச மின்முனை பழுதானா இஞ்ச ஆர் பார்க்கிறது? அந்த நோவுக்கு, இருக்கிற காலைக் கண்ணாடியில பார்த்து அசைக்கிற கண்ணாடிப் பயிற்சி இருக்கு, பெரிய செலவும் இல்ல.

படுவான்கரையான்:
ஒப்பரேஷன் இல்லாமலும் செய்திருக்காங்க. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில 2018இல், துணியும் ரப்பரும் சேர்ந்த தோலை செயற்கை விரல் நுனியில போட்டு, கை இழந்த ஒருத்தரின் மிஞ்சின கைத் தோலுக்கு மேலால மெல்லிய மின்சாரம் கொடுத்தாங்க. தொட்டது உருண்டையா கூரா எண்டு அவருக்குத் தெரிஞ்சுது.

சம்மாந்துறை நானா:
அது கை. என்னட்ட இப்ப கூடுதலா வாறது சீனி வருத்தத்தில கால் எடுத்தவங்க. அவங்கட நரம்பே மரத்துப் போய்க் கிடக்கு. தோல் உணர்ந்ததை ஆர் மேல கொண்டு போறது?

நிஸா அக்கரைப்பற்று:
அப்ப மிஞ்சின மற்றக் காலைப் பாருங்க. அழுத்த உணரியைச் செருப்புக்குள்ள வச்சு, ஒரே இடத்தில பாரம் விழுந்துகொண்டிருந்தா கைக்கடிகாரம் சத்தம் போடுற மாதிரிச் செய்திருக்காங்க. அதுக்கு நரம்பு வேணாம். புண் வர முதலே தெரிஞ்சா அந்தக் காலையாவது காப்பாத்தலாம்.

சம்மாந்துறை நானா:
அது நல்ல விசயம் தங்கச்சி, மறுக்கல்ல. ஆனா 10 கிராம் நைலோன் இழையைப் பாதத்தில அமத்திப் பார்க்கிற சோதனையை எல்லாக் கிளினிக்கிலயும் ஒவ்வொருத்தருக்கும் செய்யட்டும் முதல்ல. மரத்த கால் எது எண்டே தெரியாம ஆருக்குச் செருப்புக் கொடுக்கிறது?

படுவான்கரையான்:
வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிக்கிற கூட்டாளிமாரோட அந்தச் செருப்பைச் செய்து பார்க்க யோசிக்கிறன், சேறும் வியர்வையும் தாங்குதா எண்டு பார்க்கணும். நானா, கழிச்சுப் போட்ட பழைய சொக்கட் ஒண்டு தருவீங்களா? அதுக்குள்ளயும் உணரி வச்சு எங்க கடிக்குது எண்டு பார்க்கலாம்.