அண்ணன் வீட்டு வாசலில் கிடந்த ஸ்லாப்: நம்மைப் போன்ற சாதாரண ஆட்களால் என்ன முடிந்தது? அனுபவங்களை எழுதுங்கள்

கடைவரம்புக்காரன்:

எங்கள் ஊர் டீக்கடையில் அரசியல் பேசாத நாள் கிடையாது. எல்லாம் பேசி முடித்து, கடைசியில் "நாம என்னத்தச் செய்ய முடியும் ஓய்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவோம். நானும் இருபது வருஷம் அப்படி எழுந்து போனவன்தான். இப்போது எனக்கு நடந்த ஒன்றை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். ஜெயித்த கதையாக இருக்க வேண்டும் என்றில்லை.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் ஒன்றரை ஏக்கர் வயல். கடைவரம்பு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் தண்ணீர் சானல் சானலாகப் பிரிந்து வந்து கடைசியாக நனைக்கும் நிலம். ஜூன் மாதம் அணை திறந்தால் கன்னிப்பூ நெல் சாகுபடி, அது முடிந்து கும்பப்பூ சாகுபடி. தலைமடையில் நட்ட பயிர் கருகருவென்று நிற்கும்போது எங்கள் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். பக்கத்து வயல்கள் ஒவ்வொன்றாகத் தென்னந்தோப்பும் வீட்டுமனையும் ஆனதற்கு இதுதான் முதல் காரணம். ஆசைப்பட்டு யாரும் வயலை விற்கவில்லை.

மூன்று வருஷம் மனு கொடுத்தோம். "கடைவரம்புக்குத் தண்ணீர் வரவில்லை, ஆவன செய்ய வேண்டும்." பதிலும் ஒரே வரிதான்: நடவடிக்கை எடுக்கப்படும். ஊரில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் அந்த மனுவை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி வரலன்னு எழுதாத தம்பி. எங்க நிக்குதுன்னு எழுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் கிளைச் சானல் பிரியும் இடத்திலிருந்து என் வயல்வரை கரையிலேயே நடந்தோம். நோட்டு ஒன்று, செல்போன் ஒன்று. ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்ற இடம், கோழிக்கடைக் கழிவு மலைபோலக் கிடந்த இடம், கரை சரிந்த இடம். மொத்தம் பதினொன்று. அதில் எட்டாவது இடம் என் சொந்த அண்ணன் வீட்டு வாசல்.

வீட்டுக்குள் கார் ஏறுவதற்காக அண்ணன் சானலுக்குக் குறுக்கே ஸ்லாப் போட்டிருந்தார். அடியில் தண்ணீர் போக ஒரே ஒரு பைப். நான்கு அடி அகலத்தில் வரும் தண்ணீர் அந்தப் பைப்புக்குள் நுழைந்துதான் என் வயலுக்கு வர வேண்டும். அந்த வாசலில் எத்தனையோ தடவை நின்று காபி குடித்திருக்கிறேன். ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

கூட வந்த இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மட்டும் மெதுவாக, "இத விட்டுட்டுப் பத்துன்னு எழுதிருவோமா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த ஒன்றை மறைத்தால் மற்ற இடத்துக்காரர்களும் நாளை என்னைப் பார்த்து அதைத்தானே கேட்பார்கள்?

சாயங்காலம் போய்ச் சொன்னேன். அண்ணன் கொதித்துவிட்டார். "எலேய், ஊர்ல அத்தன பேரும் போட்டிருக்கான். கூடப்பொறந்தவன் வாசல்தான் ஒனக்குக் கண்ணுல பட்டுதா?" நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மயினிதான் (அண்ணன் மனைவி) அடுக்களையிலிருந்து வந்து, "தம்பி சொல்லது செரிதான. மாமா இருந்திருந்தா இந்தப் பைப்ப வைக்க விட்டிருப்பாவளா?" என்றார். அப்பா மடை திறக்க ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போன மனுஷன். அண்ணன் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். இரண்டு வாரம் என்னோடு பேச்சு இல்லை. மூன்றாவது வாரம் ஆள் வைத்து ஸ்லாப்பை உடைத்து, சானலின் முழு அகலத்துக்கும் சிறு பாலமாகக் கட்டினார். செலவு அவருடையது.

அதன்பிறகுதான் மனு எழுதினோம். கையால் வரைந்த படம், இடத்துக்கு ஒரு எண், தேதியோடு போட்டோ, பக்கத்து நிலத்தின் சர்வே எண். எட்டாவது இடத்துக்கு நேராக "உரிமையாளரே சரிசெய்துவிட்டார்" என்று எழுதினோம். பார்க்க வந்த இளம் பொறியாளர் அந்த வரியில்தான் விரலை வைத்து, "இது யாரு வீடு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எங்களோடு கடைசிவரை நடந்தார்.

அண்ணன் வீட்டையும் சேர்த்து இதுவரை ஏழு இடம் சரியானது. நான்கு பாக்கி. ஆனால் அந்தக் கும்பப்பூவுக்கு என் வயலில் தண்ணீர் நின்றது. மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு அதே நோட்டை இன்றும் எடுத்துப் போகிறோம்.

கடலோரத்துப் பெண்:

நான் தூத்தூர்ப் பக்கம். ஒக்கிப் புயல் என்றால் உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். 2017 நவம்பர் 29 ராத்திரி தொடங்கி மறுநாள் முழுக்க. எங்கள் ஆண்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வர மாட்டார்கள். புயல் என்று கரையில் அறிவிக்கும்போது அவர்கள் எங்கேயோ நடுக்கடலில்.

எத்தனை பேரைக் காணோம் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். டிவியில் ஒன்று, அதிகாரிகள் வாயில் ஒன்று. அப்போது ஊர் ஊராக நாங்களே பட்டியல் எழுத உட்கார்ந்தோம். கோவில் வளாகத்தில் பெஞ்சு போட்டு, போட்டின் பெயர், பதிவு எண், என்றைக்குப் போனது, ஏறிய ஆட்கள், கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய நேரம். நான் பத்தாம் வகுப்பு படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். மூன்று நாள் எழுதினேன். சொல்ல வந்த பெண்களுக்குப் பெயரைச் சொல்லும்போதே குரல் போய்விடும். காத்திருந்து எழுத வேண்டும்.

ஒரு போட்டில் ஆறு பேர் என்று எழுதிவிட்டு அடுத்த போட்டுக்குப் போகும்போது ஒரு வயசான அம்மை சொன்னார்: "மக்ளே, அதுல ஒரு இந்திக்காரப் பையனும் உண்டும். அவனுக்கு அழ ஆளு இல்லேன்னு விட்டுராத." அவன் பெயர் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. கூப்பிடும் பெயர் மட்டும்தான். ஏழாவதாக எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டுக்கும் "வெளியாள் உண்டா" என்று நானே கேட்க ஆரம்பித்தேன்.

டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறையில் ரயிலை மறித்து ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோமே, அது எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டம் தேவைதான். ஆனால் பேச்சுவார்த்தை என்று வந்தபோது எங்கள் கையில் இருந்தது அந்தப் பட்டியல். காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள 7 வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதி. ஒக்கியில் அந்தக் காத்திருப்பு இல்லாமலே குடும்பங்களுக்கு நிவாரணம் வந்தது. எந்த போட், எந்த நாள், யார் யார் என்று ஊரே எழுதி வைத்திருந்ததும் அதற்குத் துணை நின்றது என்று நான் நம்புகிறேன்.

இப்போதும் எங்கள் தெருவில் தொழிலுக்குப் போகிறவர்கள் போகும்முன் ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். எல்லாரும் இல்லை. பாதிப்பேர்.

குலசேகரம் தம்பி:

சின்ன விஷயம்தான். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நான் கல்லூரி முதல் வருஷம். 17 வயது முடிந்தாலே வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6 முன்கூட்டியே கொடுக்கலாம், 18 ஆகும்போது பெயர் சேரும். ஜனவரி 1 மட்டுமல்ல, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ஆம் தேதிகளும் தகுதி நாட்கள். இது எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. மலையோரக் குடியிருப்புகளில் முகவரிச் சான்று இல்லாமல் விட்டுப்போனவர்கள் நிறைய. நானும் இரண்டு நண்பர்களும் லீவு நாட்களில் வீடு வீடாகப் போய் இருபத்து மூன்று பேருக்கு நிரப்பிக் கொடுத்தோம். பத்தொன்பது பேர் பெயர் வந்தது. எந்தக் கட்சிக்கு என்று ஒருவரிடமும் பேசவில்லை. அதை முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

தையல்கார அக்கா:

கடைவரம்பு அண்ணனின் ஸ்லாப் கதையைப் படித்ததும் எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. விளவங்கோடு தாலுகா, பேரூராட்சி. நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் நிறைய. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து வரவுசெலவு கேட்கலாம். எங்களுக்கு அந்தச் சபை இல்லை. அதனால் தகவல் உரிமைச் சட்டத்தைப் பிடித்தேன்.

எங்கள் தெருவில் புது ஓடை கட்டினார்கள். ஒரு மழைக்கே என் தையல் மிஷின்வரை தண்ணீர் வந்தது. 2005-ஆம் வருஷச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, 30 நாளில் பதில் தர வேண்டும். நான் கேட்டது மூன்றே: மதிப்பீட்டின் நகல், எம்-புக் நகல், வேலை முடிந்த சான்றின் நகல். எம்-புக் என்பது வேலையை அளந்து எழுதும் புத்தகம். காசு கொடுப்பது அதைப் பார்த்துத்தான். "ஏன் ஓடை சரியில்லை" என்று கேட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. காகிதத்தைக் கேட்க வேண்டும்.

30 நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு எழுதினேன், அதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. அதன்பிறகு நகல் வந்தது. எம்-புக்கில் 120 மீட்டர். நாங்கள் மேஸ்திரியின் டேப்பை வாங்கிப் பிடித்துப் பார்த்தால் 84. டேப்பின் ஒரு முனையில் நான், மறு முனையில் எதிர்வீட்டு சேச்சி, நடுவில் தெருப் பிள்ளைகள்.

வருத்தம் இனிமேல்தான். ஒப்பந்தக்காரர் எங்கள் சொந்தத்தில் உள்ளவர். கல்யாணம் காட்சிக்கு முன்னால் நிற்பவர். "நம்ம ஆளையே காட்டிக் கொடுக்கியா?" என்று என் சித்தி வீட்டுக்கு வந்து அழுதார். நான் சொன்னது இதுதான்: "சித்தி, வேற ஆளு கட்டியிருந்தா நீங்களே எனக்க கூட வந்து டேப்பு பிடிச்சிருப்பிய." பாக்கி 36 மீட்டரைக் கட்டினார்கள். சித்தி வீட்டு விசேஷத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அது இன்னும் வலிக்கிறது. இருந்தாலும் செய்தது சரி.

பேர் வேண்டாம்:

எல்லாம் படித்தேன். என் தெருவிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் எனக்குப் பயம். வீட்டில் நானும் வயசான அம்மாவும் மட்டும்தான். மனுவில் முகவரி எழுத வேண்டுமே? கேட்டவர் யார் என்று மறுநாளே சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அந்தப் பயத்தைத் தப்பென்று யாரும் சொல்ல வேண்டாம்.

நான் வேறு மாதிரி ஒன்றை எழுதுகிறேன். 1982 மார்ச்சில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. இந்த மாவட்டத்தில் என் வயதுக்காரர்கள் யாரும் அந்த மாசியை மறக்க முடியாது. மண்டைக்காட்டில் தொடங்கியது ஊர் ஊராகப் பரவியதற்குக் காலாக இருந்தது வதந்தி. "அங்க நம்ம ஆளுகளக் கொன்னுட்டானுவ" என்று ஒருவன் சைக்கிளில் சொல்லிக்கொண்டே போவான். யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே வாக்கியம், "நம்ம" என்ற சொல்லுக்கு மட்டும் ஆள் வேறு. குன்றக்குடி அடிகளார் வந்து ஊர்களில் அமைதி பேசினார் என்பது வரலாற்றில் இருக்கிறது. எங்கள் பாட்டா, எதிர்த் தரப்புக் குடும்பம் ஒன்றை இரண்டு இரவு எங்கள் தேங்காய்ப் புரையில் படுக்க வைத்தது எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் பெயரை நானும் எழுத மாட்டேன்.

சில வருஷம் முன்பு எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. திருவிழாவுக்குப் போன நம் பையனை அடுத்த ஊர்க்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று. பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் பதில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது, சைக்கிள்காரன் குரல்போலவே இருந்தது. அடுத்த ஊரில் என்னோடு வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் உண்டு, வேறு மதம். போன் போட்டேன். "சாரே, இஞ்ச ஒண்ணும் இல்ல. பைக் சறுக்கி விழுந்தான். நாங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்." பையனின் அப்பாவிடமே போனைக் கொடுத்தார். அவர் பேசியதைப் பதிவு செய்து குழுவில் போட்டேன்.

அடங்கியது. ஆனால் எனக்குக் கிடைத்த பட்டம் "அவனுவளுக்க ஆளு". மறுநாள் அந்தப் பதிவை முதலில் அனுப்பிய பையன் வீட்டுக்குப் போனேன். நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளை. திட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்தக் குடும்பம் தேங்காய்ப் புரையில் எப்படி மூச்சை அடக்கிக் கிடந்தது என்று மட்டும் சொன்னேன். அந்தக் கைக்குழந்தை இருமாமல் இருக்க அதன் அம்மா விடியவிடியத் தோளில் போட்டு நடந்ததையும் சொன்னேன். அவன் அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். இப்போது குழுவில் எது வந்தாலும் அவன் முதலில் எனக்குப் போன் பண்ணுகிறான்.

தையல்கார அக்கா:

பேர் வேண்டாம் என்று எழுதிய தங்கச்சிக்கு: தனியாகச் செய்யாதீர்கள். என் இரண்டாவது மனுவை நான் மட்டும் போடவில்லை. எங்கள் மகளிர் குழுவில் நான்கு பேர் ஒரே நாளில் ஆளுக்கொரு மனு போட்டோம், ஒவ்வொருத்தி ஒவ்வொரு காகிதம் கேட்டு. யாரை வந்து மிரட்டுவார்கள்? நீங்கள் நம் மாவட்டம்தானே, எழுதுங்கள். உங்களுக்காக நான் ஒரு மனு போடுகிறேன். எந்த ஊர்க்காரரும் கேட்கலாம்.

கடைவரம்புக்காரன்:

நானும் ஒன்று போடுகிறேன். அளக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு தவிர எந்த நாளும் வருவேன். ஞாயிற்றுக்கிழமை பாக்கி நான்கு இடத்துக்குப் போக வேண்டும். இந்த வாரம் அண்ணனும் வாறேன் என்கிறார்.

பேர் வேண்டாம்:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தத் தையக்காரப் பிள்ளைக்கு போன் பண்ணு" என்கிறார். அக்கா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கே கிடைக்கும்?

தையல்கார அக்கா:

கோர்ட்டுப் பக்கம் ஸ்டாம்ப் விற்பவர்களிடம் கேளுங்கள். மனுவில் ஒட்டி, நகல் ஒன்று வீட்டில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். மனு அங்கே போய்ச் சேர்ந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள், அதிலிருந்து முப்பதாவது நாளையும் சேர்த்து.