பழைய யூனோஸ் ரோட்ஸ்ரரைக் குறைந்த செலவில் பந்தயத் தடத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

கோண்டாவில் வாசகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வருடம் கொழும்பில் ஒருவரிடமிருந்து 1990 ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்ரர் ஒன்றை வாங்கினேன். வெளிநாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்கப்பட்ட அதே கார்தான். 1.6 லீற்றர் எஞ்சின், 120 குதிரைவலு, கைக்கியர், 940 கிலோ நிறை. கூரை துணியாலானது. கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழையும்போது அயலவர்கள் வாசலுக்கு வந்து பார்க்கிறார்கள்.

களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தவில் உள்ள பழைய விமானத் தளத் தடத்தில் இந்தக் காரை ஒரு முறையாவது முழு மனத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லை. யாரையும் முந்தி வெல்ல வேண்டியதில்லாத பயிற்சி ஓட்ட நாள் ஒன்றே போதும். என்னிடம் உள்ளது 5 இலட்சம் ரூபா. அதற்குள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். காற்று வடிகட்டி, புகைக்குழாய், குறைந்த உயரச் சுருள்வில் ஆகியவற்றை முதலில் மாற்றும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். காரை ஏற்றிச் செல்ல லொறி பிடிக்க எனக்கு வசதியில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அதிலேயே போய், ஓடிவிட்டு, அதிலேயே வீடு திரும்ப வேண்டும்.

இலண்டன் வலிகாமத்தான்:

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வசனமே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. போய்வர 800 கிலோமீற்றருக்கும் மேல் இருக்கும்போது, காரின் வலுவைக் கூட்டுவதற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாவும் அது வழியில் நின்றுவிடாமல் இருப்பதற்குச் செலவிட வேண்டிய பணத்திலிருந்தே போகிறது. காற்று வடிகட்டியையும் புகைக்குழாயையும் முதலில் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அவற்றால் சத்தம் கூடுமே தவிர, 120 குதிரைவலு அப்படியேதான் இருக்கும்.

முதல் பணத்தைப் பிறேக்குக்குக் கொடுங்கள். நான் இதே காரைத்தான் இங்கே பத்து வருடமாக வைத்திருக்கிறேன். முதல் முறை கென்ற் மாவட்டத்தில் உள்ள பிராண்ட்ஸ் ஹச் தடத்துக்குப் போனபோது, புதிய பிறேக் பாட் போட்டுவிட்டோம், அது போதும் என்று நினைத்தேன். பிறேக் ஒயில் பழைய உரிமையாளர் விட்டது. எப்போது விட்டார் என்று நான் கேட்கவே இல்லை. நான்காவது சுற்றில் பட்டொக் ஹில் வளைவுக்கு இறங்கும்போது மிதித்த மிதி, தடையேதும் இல்லாமல் தரை வரை போனது. இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்து மிதித்துக் கொஞ்சம் அழுத்தத்தை மீட்டேன். ஆனாலும் வளைவைத் தாண்டிச் சரளைக் கற்களுக்குள் போய்த்தான் கார் நின்றது. காருக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை பாட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் திருகைத் திறந்து வடித்தபோது வந்த ஒயில், சாயம் ஏறிய பிளேன்ரீயின் நிறத்தில் இருந்தது.

காரணம் எளியது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ், அதில் 3.7 வீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 பாகை வரை இறங்கிவிடலாம். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. குமிழ் நசுங்கும்; ஒயில் நசுங்காது. நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். யாழ்ப்பாணத்தின் கடற்காற்றில் ஓராண்டுக்கு மேற்பட்ட ஒயிலோடு தடத்துக்குப் போகவே கூடாது. ஒரு லீற்றர் டொட் 4 அல்லது டொட் 5.1 வாங்கி நான்கு சில்லுகளிலும் முழுவதுமாக மாற்றுங்கள். டொட் 5 என்று தனியாக எழுதியிருப்பது சிலிக்கன் வகை; பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது என்று அதை இதனோடு கலந்துவிட வேண்டாம். 1990 ஆம் ஆண்டின் ரப்பர்க் குழாய்கள் இன்னும் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். பாட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். தேய்ந்த பாட் வெப்பத்தை நேரே ஒயிலுக்குக் கடத்தும். பெரிய டிஸ்க் தேவையில்லை. 940 கிலோ காருக்கு முன்புற 235 மில்லிமீற்றர் டிஸ்க்கே போதும்.

ஓடும்போது ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டாம். கடைசிச் சுற்றைப் பிறேக் பிடிக்காமல் மெதுவாக ஓடி வாருங்கள். நிறுத்தியதும் கைப்பிறேக்கை இழுக்காமல், கியரில் போட்டுச் சில்லுக்கு அடியில் கல் வையுங்கள்.

பழைய கராஜ்காரன், சுன்னாகம்:

இலண்டனில் இருக்கும் தம்பி எழுதியது முழுவதும் சரி. நான் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் மண்ணுக்கே உரிய பிரச்சினை.

நாற்பது வருடமாகக் கார் திருத்துகிறேன். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட வைத்தோம். அந்தக் கார்கள் நின்றதற்கு எரிபொருளைவிடத் தண்ணீரே பெரும்பாலும் காரணமாக இருந்தது. வலிகாமம் முழுவதும் சுண்ணாம்புக் கல். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் உள்ளே வெள்ளையாக ஒரு படை பிடிப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரைத்தான் பலர் றேடியேற்றருக்குள்ளும் ஊற்றுகிறார்கள். போன மாதம் ஒரு காரின் றேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, கைநிறையக் கொட்டிய செதில்களை விரலால் நசுக்கிப் பார்த்தேன். முட்டை ஓடு போல உடைந்தது. ஊருக்குள் ஓடும்போது அந்தக் கார் சூடேறியதே இல்லை. எஞ்சினை நிமிடத்துக்கு 6000 சுற்று வேகத்தில் பதினைந்து நிமிடம் வைத்திருந்தால் கதை வேறு.

கொழும்புக் கார் என்றாலும், தம்பி, முந்தியவர் என்ன ஊற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. றேடியேற்றரைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். இந்தக் காரில் மேல் தொட்டி பிளாஸ்டிக். கறுப்பாக இருக்க வேண்டியது மண்ணிறமாக மாறியிருந்தால் அது வெடிக்கும் நாள் தொலைவில் இல்லை. புதிய றேடியேற்றருக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். பிறகு கூலன்ரும் பற்றரிக்கு விடும் வடிநீரும் சரிபாதியாகக் கலந்து விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பைகூட வேண்டாம். எஞ்சின் தலைக்குப் பின்னால், எஞ்சின் அறையையும் ஆட்கள் இருக்கும் பகுதியையும் பிரிக்கும் தீச்சுவரோடு ஒட்டிப் போகும் இரண்டு ஹீற்றர்க் குழாய்களையும் மறக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் யாரும் அவற்றை மாற்றுவதில்லை. அதே மூலையில் சுழற்சிக் கோணத்தை அளக்கும் சென்சரின் ரப்பர் வளையம் காய்ந்து ஒயில் கசியும். வளையம் சில ரூபாதான். ஆனால் தடத்தில் சிந்தும் ஒயில் பின்னால் வருபவரைத்தான் வழுக்கி விழுத்தும் என்பதால் அதை அலட்சியம் செய்வது நியாயமல்ல.

இன்னொன்று. 1990 ஆம் ஆண்டுக் காரில் கிராங்கின், அதாவது எஞ்சினின் பிரதான சுழல்தண்டின், முன்முனை குட்டையானது. அந்த முனையோடு கப்பியைப் பூட்டி வைக்கும் சிறு இரும்புச் சாவி தளர்ந்து கப்பி ஆட்டம் காணும் பழுது அந்தக் கால எஞ்சின்களில் அறியப்பட்டது. எஞ்சின் ஓடும்போது முன்கப்பியைக் குனிந்து பாருங்கள். அது ஆடாமல் சுழல வேண்டும். ஆடினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். அப்போதே தண்ணீர்ப் பம்பையும் மாற்றினால் கூலி ஒரு தடவையோடு முடியும். உங்கள் காரின் ஒயில் அழுத்த மானி உண்மையான அளவைக் காட்டும் வகை. பிந்திய கார்களில் அது பெயரளவுக்குத்தான். வளைவில் முள் விழுந்தால் உடனே காலை எடுங்கள்.

கோண்டாவில் வாசகன்:

ஐயாவுக்கும் இலண்டன் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. இன்று காலை முன்கப்பியைப் பார்த்தேன், ஆடாமல் சுழல்கிறது. ஆனால் றேடியேற்றரின் மேல் தொட்டி தேயிலைச் சாயம் போல மண்ணிறமாகத்தான் இருக்கிறது, ஆகவே அதை மாற்றுகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். நிறையைக் குறைக்க ஏசியைக் கழற்றிவிடலாமா? அடுத்தது, எங்கள் ஊரில் கேற் ஒட்டும் கடைக்காரர் தண்ணீர்க் குழாயை வளைத்து, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் பாதுகாப்பு வளைவு செய்து தருவதாகச் சொல்கிறார். ஒரு நண்பர் நான்கு புள்ளி இருக்கைப் பட்டி தருகிறார். இவற்றைப் போடலாமா?

பருத்தித்துறை பொறியியலாளர்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. தயவுசெய்து அந்த வளைவைப் போட வேண்டாம். தண்ணீர்க் குழாய் நீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் மடங்கும் விசையைத் தாங்க அல்ல. மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் (எஃப்ஐஏ) விதிகளின்படி பிரதான வளைவுக்குத் தையலில்லாத, குளிர்நிலையில் இழுக்கப்பட்ட கார்பன் உருக்குக் குழாய் வேண்டும்: 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும். அது உடலோடு சேரும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடுகள் விசையைப் பரப்ப வேண்டும். காரின் அடித்தகடு உக்கியிருந்தால் எவ்வளவு நல்ல குழாயும் அதைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும்; உப்புக்காற்றில் நின்ற காரில் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

நல்ல வளைவு இல்லாமல் நான்கு புள்ளிப் பட்டி போடுவது, பட்டி போடாததைவிட ஆபத்தாகக்கூட முடியலாம். கூரை துணியாலான கார் கவிழ்ந்தால், அந்தப் பட்டி உடலை நிமிர்த்தி இறுக்கி வைத்திருக்கும். தலையைத் தாழ்த்த இடமிருக்காது. வளைவு கிடைக்கும் வரை காரோடு வந்த மூன்று புள்ளிப் பட்டியையே அணியுங்கள். வளைவு பொருத்திய பிறகு ஒரு தும்புத்தடியை எடுத்து, வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரை நீட்டிப் பிடித்து, தலைக்கவசம் அணிந்து இருக்கையில் அமருங்கள். கவசம் தடியைத் தொடக்கூடாது. வளைவுக்குப் பணம் போதாவிட்டால் ஓட்டத்தை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒரு தடவை வாசியுங்கள். வழமையான வாகனக் காப்புறுதி வேக ஓட்டங்களைப் பொதுவாக உள்ளடக்குவதில்லை.

இலண்டன் வலிகாமத்தான்:

பருத்தித்துறை அண்ணர் சொன்னதற்கு மேல் வளைவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சேர்க்கமாட்டேன். ஏசியைக் கழற்ற வேண்டாம். வவுனியா தாண்டி வெயிலில் திரும்பி வரும்போது களைத்த உடலுக்கு அது தேவை. தடத்தில் நிறுத்தி வைத்தால் போதும். உபரிச் சில்லு, காரை உயர்த்தும் ஜக், பாய், பெட்டிக்குள் கிடக்கும் சாமான் எல்லாவற்றையும் போய்ச் சேர்ந்ததும் இறக்கிவையுங்கள். அதற்குச் செலவே இல்லை. இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று பிறேக் மிதிக்குப் பின்னால் போய்ச் சிக்கினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரயரைப் பற்றி: 185/60 ஆர்14 அளவில் நல்ல வீதி ரயரே போதும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். பூக்கள் ஆழமாக இருந்தாலும் வெயிலில் நின்று இறுகிய ரயர் பிடிக்காது. குளிர்ந்த நிலையில் தயாரிப்பாளர் சொன்ன 26 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ரயரின் தோளில் வெண்கட்டியால் கோடு கீறிவிட்டு ஐந்து சுற்று ஓடி வந்து பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்றுக் குறைவு. அழிவு தோளுக்கே வராமல் நின்றால் காற்று அதிகம். அப்போதே சில்லு நட்டுகளையும் முறுக்குவிசையை அளக்கும் ரோர்க் ஸ்பானரால் சரிபாருங்கள். 110 நியூட்டன் மீற்றர் சரியாக இருக்கும்.

குறைந்த உயரச் சுருள்வில்லுக்குப் பதிலாகச் சில்லு அலைன்மன்ற் செய்யுங்கள். இந்தக் காரின் நான்கு மூலையிலும் சில்லின் சாய்வையும் (கழித்தல் என்றால் மேற்புறம் உள்நோக்கிச் சாய்வது) அது நோக்கும் திசையையும் தனித்தனியே மாற்றலாம். முன்னால் சாய்வு கழித்தல் 1.5 பாகை, பின்னால் கழித்தல் 2 பாகை, முன் திசை நேர், பின் திசை சற்று உள்நோக்கி. இந்தச் செலவில் கார் வேறு காராகிவிடும். பழகிப் பார்க்கலாம் என்று காரைநகர்ப் பாலத்திலோ ஏ9 வீதியிலோ மட்டும் வேகம் எடுக்காதீர்கள். அங்கே சைக்கிளில் வருவது யாரோ ஒருவருடைய பிள்ளை.

பழைய கராஜ்காரன், சுன்னாகம்:

அலைன்மன்ற் கடைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு வேலை செய்யுங்கள், தம்பி. அந்தச் சாய்வை மாற்றுவது கீழ்க்கைகளில் உள்ள எட்டு மையவிலகு போல்ட்டுகளால். முப்பது வருடத்தில் அவை உள்ளிருக்கும் இரும்புக் குழலோடு துருவால் ஒட்டியிருக்கும். கடைக்காரர் நீண்ட கோலைப் போட்டு ஒரே இழுவையில் முறுக்கினால் போல்ட் திரும்பாது, அந்தக் குழலைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்தான் கிழியும். முதலில் ஒவ்வொரு போல்ட்டின் தற்போதைய நிலையையும் ஊசியால் கீறி அடையாளம் இடுங்கள். பிறகு ஒவ்வொரு நாள் மாலையும் துரு நீக்கும் ஒயிலை இரண்டு பக்கமும் விட்டு, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, மறுநாள் வரை ஊறவிடுங்கள். நட்டைக் கழற்றாமல் தளர்த்தி, போல்ட் தலையை இம்மியளவு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஏழு அசைந்து ஒன்று அசையாவிட்டால் பலவந்தம் செய்யாமல் காரைச் சுன்னாகத்துக்குக் கொண்டுவாருங்கள். அறுத்து எடுக்க வேண்டியதா, இன்னும் ஊற வேண்டியதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். புதிய போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இப்போதே சொல்லி வையுங்கள்.