கருநீலக் காரில் வெள்ளை வட்டங்கள், மேலே வேக்ஸ் திட்டு: எதை முதலில் எடுப்பது?

மேடவாக்கம்நீலம்

வணக்கம். வண்டி 2019 ஹேட்ச்பேக், கருநீல மெட்டாலிக். எல்லாம் கம்பெனி பெயின்ட், எந்தப் பேனலும் டிங்கரிங் ஆனதில்லை. மூன்று பிரச்சினை:

பானெட்டிலும் ரூஃபிலும் மிளகு அளவில் தொடங்கிச் சட்டைப் பொத்தான் அளவு வரை வெள்ளை வட்டங்கள். ஷாம்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடு.

இரண்டையும் மறைக்கலாமென்று போன ஞாயிறு காலை 11 மணிக்கு அபார்ட்மென்ட் வாசலில் வைத்து பேஸ்ட் வேக்ஸ் போட்டேன். இப்போது பானெட்டில் மேகம் மாதிரி திட்டு, கறுப்பு பம்பர் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தடம்.

கழுவுவது போர் தண்ணீரில், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,350. தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஆர்ஓ கழிவை டிரம்மில் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு அதைத்தான் ஊற்றுகிறேன். அது 2,100 காட்டுகிறது. வாட்ச்மேன் தினமும் காலையில் துடைத்துவிடுவார்.

ரப்பிங் காம்பவுண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. அதில் பஃபிங் பேட் மாட்டி ஓட்டலாமா?

கோவைபாலிஷ்

கிரைண்டரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் சார். அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 11,000 சுற்று சுற்றும். உங்கள் நீலத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. கிரைண்டர் ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றால் சூட்டில் வெந்துவிடும். பானெட் மடிப்பு, கதவு ஓரம் மாதிரி இடங்களில் கோட் இன்னும் மெல்லிசு. அங்கே போய்விட்டால் ரீபெயின்ட் தவிர வழியில்லை. டிரில் மெஷினில் மாட்டும் பேடும் இதே ஆபத்துதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

மூன்றும் தனித்தனிக் கோளாறு. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால் மேலேயிருந்து கீழே வர வேண்டும்: வேக்ஸ் திட்டு, உப்புப் படிவம், ஒட்டிய தூசி, கடைசியாகக் கோடுகள். காம்பவுண்டிலிருந்து ஆரம்பித்தால் உப்பையும் மண்ணையும் சேர்த்து பெயின்டில் அரைப்பதாக ஆகிவிடும்.

ஆர்ஓ கழிவை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்த பிறகு மிச்ச உப்பெல்லாம் சேர்ந்து நிற்கும் தண்ணீர் அது. தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் வெள்ளையாக ஏறுகிறதே, அதேதான் உங்கள் பானெட்டில் வட்டமாக ஏறியிருக்கிறது.

டாக்ஸிகுமார்

இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய வைத்தியம்? டீசல்ல துணிய நனைச்சு ஒரு துடை துடைச்சா பளபளன்னு ஆயிடும். வெள்ளைப் புள்ளிக்கு பேஸ்ட் தேய்ங்க, பல் விளக்குற பேஸ்ட்.

கோவைபாலிஷ்

டீசல் துடைத்தால் பளபளப்பது எண்ணெய்ப் படலம், பெயின்ட் அல்ல. அரை நாளில் ஊர்த் தூசியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும், மறுநாள் அதைத் துடைக்கும்போது புதுக் கோடு விழும். ரப்பர் பீடிங்கும் ஊறிப் போகும். பற்பசையிலும் அரைக்கும் தூள் இருக்கிறது, அது எந்த அளவுத் தூள் என்பதுதான் தெரியாது. கருநிறத்தில் அது தேய்த்த இடம் மட்டும் மங்கலாகத் தனித்துத் தெரியும்.

வேக்ஸ்பித்தன்

வேக்ஸ் திட்டுக்கு மட்டும் நான் சொல்கிறேன். பகல் வெயிலில் கருநிறப் பேனல் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். அந்தச் சூட்டில் வேக்ஸில் உள்ள கரைப்பான் உடனே பறந்துவிடும், மெழுகு இழுபட்டு அப்படியே இறுகிவிடும். கனமாகவும் பூசியிருப்பீர்கள். ஒரு ஹேட்ச்பேக் முழுக்க ஒரு மேசைக்கரண்டி பேஸ்ட் போதும், அதற்கு மேல் போடுவதெல்லாம் துடைத்து எறியத்தான்.

எடுப்பது சுலபம். நிழலில், பேனல் குளிர்ந்திருக்கும்போது அதே வேக்ஸை அதே திட்டின் மேல் மெல்லிசாகப் பூசுங்கள். புது வேக்ஸின் கரைப்பான் பழசை இளக்கிவிடும். காயவிடாமல் உடனே சுத்தமான மைக்ரோஃபைபரால் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

பம்பர் பிளாஸ்டிக்: சொரசொரப்புக் குழிக்குள் மெழுகு இறங்கியிருக்கிறது. ஆல் பர்ப்பஸ் கிளீனரைப் பத்துக்கு ஒன்று தண்ணீரில் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். அப்படியும் மிஞ்சும் கீற்றுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர் நன்றாக வேலை செய்யும். அடுத்த முறை பிளாஸ்டிக் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கோவைபாலிஷ்

அது முடிந்ததும் உப்பு. கடையில் விற்கும் சமையல் வெள்ளை வினிகர், கூடவே அதே அளவு நல்ல தண்ணீர். பேனல் குளிர்ந்திருக்க வேண்டும். கலவையில் நனைத்த துணியை வட்டங்களின் மேல் ஒன்றரை, இரண்டு நிமிடம் போர்த்தி வைத்து, லேசாகத் துடைத்து, ஷாம்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். காயவே விடக்கூடாது. குரோம் பட்டையிலும் பூச்சில்லாத அலுமினியத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகாவிட்டால் இன்னொரு முறை போர்த்தலாம், அழுத்தித் தேய்க்காதீர்கள். அந்த இடத்தில் வேக்ஸும் போய்விடும், பரவாயில்லை.

பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டம் முழுசாகப் போயிருந்தால் அது வெறும் படிவம். வெள்ளை போய், நடுவில் பள்ளம் மாதிரி விளிம்பு மட்டும் தெரிந்தால் கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதை வினிகர் எடுக்காது, பாலிஷ்தான்.

மேடவாக்கம்நீலம்

நன்றி. வேக்ஸ் திட்டு முழுசாகப் போய்விட்டது. அழிரப்பர் விஷயம் நம்பவே முடியவில்லை.

வினிகரில் பத்தில் ஏழு வட்டம் போச்சு. பாக்கி நீங்கள் சொன்ன மாதிரி விளிம்பு மட்டும் தெரிகிறது. இன்னொன்று இப்போதுதான் கவனித்தேன்: ரூஃபின் பின்பக்கம் விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு வெள்ளை ஒழுகல், சிமென்ட் மாதிரி கெட்டியாக. நகத்தால் சுரண்டினால் அசையவில்லை. பார்க்கிங் பேஸ்மென்ட்டில்.

வேக்ஸ்பித்தன்

தலைக்கு மேலே பாருங்கள். கான்கிரீட்டில் விரிசலோ பைப் இறங்கும் ஓட்டையோ இருக்கும், அதன் ஓரத்தில் வெள்ளையாகக் குச்சி மாதிரி தொங்கும். தண்ணீர் கான்கிரீட் வழியே கசிந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. போர் தண்ணீர்க் கறையை விட இது மோசம், காரம் அதிகம். பிளேடு வேண்டவே வேண்டாம். பெயின்ட் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வரும்.

வினிகரைத் தண்ணீர் கலக்காமல் துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்துங்கள். நுரை கிளம்பும், அது நல்ல அறிகுறி. கழுவிவிட்டுத் திரும்பப் போர்த்துங்கள். மேல் அடுக்கு இளகிய பிறகு பழைய ஏடிஎம் கார்டை மைக்ரோஃபைபரில் சுற்றி மெல்லத் தள்ளுங்கள். ஏழெட்டுச் சுற்று ஆகலாம். அடியில் அரிப்பு இருக்கும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வண்டியை வேறு இடத்தில் விடுங்கள். அசோசியேஷனில் சொல்லி விரிசலை அடைக்கும் வரை சொட்டு நிற்காது.

கோவைபாலிஷ்

அடுத்தது கிளே, ஒட்டிய தூசியை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. கழுவிய பானெட் மேல் கையில் மெல்லிய பாலித்தீன் கவர் மாட்டித் தடவிப் பாருங்கள். உப்புத்தாள் மாதிரி நறநறத்தால் பிரேக் தூளும் தாரும் ஒட்டியிருக்கிறது. கிளே பாரில் 50 கிராம் துண்டு எடுத்து அப்பளம் மாதிரி தட்டி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சத்தம் நின்று வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த கிளே குப்பைக்கு. ஒரு மணல் ஒட்டினாலும் அது ரம்பம்தான்.

இனி கோடுகள். வட்டமாகத் தெரிகிறதே தவிர அவை வட்டக் கோடுகள் அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்கீறல்களில், சூரியனைச் சுற்றி அமையும் திசையில் உள்ளவை மட்டும் மின்னுகின்றன. டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். வேக்ஸ் இவற்றைக் கொஞ்ச நாள் மறைக்கும், எடுக்காது. எடுக்க வேண்டுமானால் கீறலின் அடி வரை கிளியர் கோட்டைச் சற்றே குறைக்க வேண்டும். அதனால்தான் எப்போதும் மெல்லியதில் தொடங்க வேண்டும். நீங்கள் வாங்கிய ரப்பிங் காம்பவுண்டை ஓரமாக வையுங்கள், ஃபினிஷிங் பாலிஷ் வாங்குங்கள்.

பாலிஷ் மெஷின் டூயல் ஆக்‌ஷன் வகையாக இருக்கட்டும். அது சுற்றிக்கொண்டே ஆடுவதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. நடுத்தர ஃபோம் பேட், அதில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் மட்டும். ஆஃப் செய்த நிலையில் ஒற்றி, வேகம் 1இல் பரப்பி, 4க்கு ஏற்றி, பாதிக்குப் பாதி மேலேறும்படி நாலு சுற்று. நொடிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் கையை ஓட்டாதீர்கள். மெஷினின் எடையே போதும், அழுத்தினால் பேட் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். பேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் சுற்றுகிறதா என்று கண்ணுக்குத் தெரியும்.

துடைத்த பிறகு ஒரு பங்கு 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நாலு பங்கு தண்ணீர் தெளித்து இன்னொரு முறை துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை மூடி ஏமாற்றும், அது போனால்தான் நிஜ நிலை தெரியும். முதலில் பானெட்டில் ஒரே ஒரு கட்டம் செய்து படம் போடுங்கள். கையால் தேய்த்தால் பாதிக் கோடு குறையும், தோள்பட்டை முழுசாகப் போகும்.

திருச்சிவெள்ளை

நடுவில் ஒரு சந்தேகம். என்னுடையது பழைய வெள்ளை வண்டி, பாலிஷ் போட்டால் பேடே வெள்ளையாகிறது. தவறா?

கோவைபாலிஷ்

உங்களுடையதில் கிளியர் கோட் இல்லை, நிறமே மேல் அடுக்கு. வெளிறிய நிறமி பேடில் வருவது இயல்பு. பேடை அடிக்கடி பிரஷ் செய்து ஓட்டுங்கள். தெளிவாக நிறுத்த வேண்டிய இடம்: ஓரங்களில் ப்ரைமரின் சாம்பல் எட்டிப் பார்ப்பது.

மேடவாக்கம்நீலம்

ஒரு கட்டம் செய்தேன். கோடுகள் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டன. அரித்த வட்டங்களில் இரண்டு மட்டும் மங்கலாக மிச்சம். காம்பவுண்டை அங்கே மட்டும் போடட்டுமா?

கோவைபாலிஷ்

விட்டுவிடுங்கள் சார். இரண்டு வட்டத்துக்காக அந்த இடத்தில் கிளியர் கோட்டைக் குறைப்பது லாபமில்லை. திரும்பப் போட பெயின்ட் கிடையாது. மிச்சப் பேனல்களை இதே மாதிரி முடித்து, மாலை ஐந்துக்கு மேல் வேக்ஸ். விரலால் இழுத்துப் பாருங்கள்: தடம் தெளிவாக விழுந்தால் துடைக்கலாம், இழுசினால் இன்னும் சில நிமிடம். கடற்கரை ஊர் ஈரப்பதத்தில் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். கண்ணாடியில் படாமல் போடுங்கள், பட்டால் மழையில் வைப்பர் தடதடக்கும்.

கார்னோபா வேக்ஸ் நம் வெயிலில் ஆறு, எட்டு வாரம் நின்றாலே பெரிது. அலுப்பாக இருந்தால் சிந்தெடிக் சீலன்ட், நாலைந்து மாதம் வரும்.

வேக்ஸ்பித்தன்

கழுவும் முறையை மாற்றாவிட்டால் இந்த வேலையெல்லாம் மூன்று மாதத்தில் திரும்பும். இரண்டு பக்கெட்: ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரும் பாட்டிலில் சொன்ன அளவு கார் ஷாம்புவும், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, ரூஃபிலிருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் கழுவும் கையுறையை (வாஷ் மிட்) வெறும் தண்ணீரில் பிழிந்த பிறகே ஷாம்புவுக்குள் விடுங்கள். கதவின் கீழ்ப்பாதியும் சக்கரமும் கடைசி, சக்கரத்துக்குத் தனித் துணி.

கடைசி அலசலுக்கு ஏசி தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து சொட்டும் தண்ணீர் என்பதால் உப்பு கிட்டத்தட்ட இல்லை, உங்கள் மீட்டரை வைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஓடினால் ஒரு பக்கெட் சேரும். வேட்டித் துணியில் வடிகட்டி, பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டு, ரூஃபிலிருந்து மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். வேக்ஸ் மேல் தண்ணீர் ஒரே தகடாகச் சரிந்து இறங்கும், துடைக்க மிஞ்சுவது சில துளிதான். அதையும் டவலைப் பரப்பி ஒற்றி எடுங்கள். டவலைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் வகைத் திரவம் வேண்டாம், இழை அடைத்துத் தண்ணீர் இழுக்காது.

மேடவாக்கம்நீலம்

ஏசி தண்ணீர் மீட்டரில் 18! வாட்ச்மேன் விஷயம்தான் தர்மசங்கடம். ஒரே பக்கெட், ஒரே துணி, பதினான்கு வண்டி. வேண்டாமென்றால் மாதச் சம்பளத்தில் குறையும்.

வேக்ஸ்பித்தன்

சம்பளத்தைக் குறைக்காதீர்கள், வேலையை மாற்றுங்கள். கண்ணாடி, சக்கரம், உள்ளே மிதியடி மூன்றும் அவர் பார்க்கட்டும், பெயின்டைத் தொட வேண்டாம். உங்கள் வண்டிக்கென்று இரண்டு துணி தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

திருச்சிவெள்ளை

ஏசி இல்லாதவர்கள் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கலாமா?

கோவைபாலிஷ்

தாராளமாக. முதல் கால் மணி நேர மழை மாடித் தூசியைக் கழுவட்டும், அதன் பிறகு பிடியுங்கள். மாடிக்குச் சூடு தெரியாமல் இருக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தால் மட்டும் மாடியிலிருந்து இறங்கும் குழாய்த் தண்ணீரைப் பிடிக்காமல், திறந்த வெளியில் டிரம்மை வைத்து நேராகப் பிடியுங்கள்.