புதுப்பிப்பு: 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' கவர் வேட்டை

மக்கா, வாம்ங்கிற இங்கிலாந்து பாப் குரூப்போட 1984 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' பாட்டுக்கு, இசை வகைக்கு ஒரு கவர் (வேற ஆளுங்க திரும்பப் பாடினது) வேணும்னு கேட்டிருந்தேன்ல, கொட்டிட்டீங்க. டெய்லர் ஸ்விஃப்ட் 2007ல கன்ட்ரியா பாடினது, ஜிம்மி ஈட் வேர்ல்டோட ராக் வெர்ஷன், ரெண்டும் லிஸ்ட்ல ஏறியாச்சு. கிரேஸி ஃப்ராக்ங்கிற கார்ட்டூன் தவளையோட வெர்ஷன் எதுக்குன்னுதான் புரியல. ஒரிஜினல்ல வாத்தியம் எல்லாம் வாம் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் ஒருத்தரே வாசிச்சது, ஆனா நம்ம களியக்காவிளை பக்கம் கேரல் ரவுண்டுக்கு வந்த பேண்ட் செட்டு இருக்கே, அந்த கீபோர்டு ட்யூன கிளாரினெட்ல எடுத்து, கோரஸ் வந்ததும் செண்டைக்காரரு திடீர்னு வேகத்த ஏத்த, டிரம்பெட் அண்ணன் மூச்சு வாங்கிட்டே பின்னாடி ஓடுறாரு, எல்லா கவரையும் தூக்கி சாப்பிட்டுருச்சு. நடுவுல பாறசாலை பஸ் ஹாரன் வேற, அத கட் பண்ண மாட்டேன். ரெகே (ஜமைக்கா இசை) வெர்ஷன் யாருகிட்டயாவது இருந்தா போடுங்கப்பா.